காசோலைப் படமும் காணாமற்போன திடலும்

திங்கட்கிழமைக் காலையில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ உள்ள ஓர் உணவுக் கடையில் அமர்பவர் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றே. லிவர்பூல் குழு ஏன் தடுமாறியது, மென்செஸ்டர் யுனைடெட் தன் பயிற்றுநரை மாற்றலாமா கூடாதா, எந்த ஆட்டக்காரர் எத்தனை கோடிக்கு விலைபோனார் என்பனவே அப்பேச்சின் பொருள். பேசுவோர் அரைகுறை அறிவினர் அல்லர். ஆட்டக்காரரின் அகவையும் காயமும் சம்பளமும் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களிடமே, சிலாங்கூர் மாநிலப் பள்ளிகளுக்கிடையிலான ஓட்டப்பந்தயத்தில் இவ்வாண்டு ஓடிய தமிழ்ப் பிள்ளை ஒருவரின் பெயரைக் கேட்டால் மேசையில் அமைதி நிலவும். சற்று நேரம் கழித்து ஒருவர் தீர்ப்பு வழங்குவார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுல எங்கேங்க ஆர்வம்? கைப்பேசிய விட்டு எழுந்தாத்தானே!" மற்றவர்கள் தலையசைப்பார்கள்.

இத்தீர்ப்பு கடையோடு நின்றுவிட்டால் கேடில்லை. ஆனால் அது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒலிக்கிறது. சங்கத் தலைவர்களின் மேடையுரையில் ஒலிக்கிறது. நாளிதழ்த் தலையங்கத்தில் கவலையாக உருமாறி வருகிறது. பிள்ளைகள் மீது சுமத்தப்படும் இக்குற்றச்சாட்டு பொய்யானது. விளையாட்டு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர்களும் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தவர்களும் இன்று அவர்களையே சோம்பேறிகள் என்கின்றனர்.

சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்கள் எப்படி இருந்தன என்பதைப் பழையவர்கள் அறிவர். லயங்களுக்கும் கோயிலுக்கும் நடுவிலோ, கிராணிமார் வீடுகளை ஒட்டியோ ஒரு திடல் இருக்கும். அதிகாலை இருட்டில் மரம் வெட்டப் போனவர்கள் பால் கொட்டிவிட்டு நண்பகல் கழிந்து வீடு திரும்புவார்கள். வெயில் தாழ்ந்ததும் திடல் நிறைந்துவிடும். காற்செருப்பும் இல்லாத பையன்கள் ஒரு புறம், தோட்டக் குழுவினர் மறு புறம். கிராணியார் ஒருவர் செயலாளராக இருப்பார். பக்கத்துத் தோட்டத்துக் குழு லாரியில் நின்றுகொண்டு வந்திறங்கும் நாளில் முழுத் தோட்டமுமே திடலோரம் நிற்கும். அந்தத் திடலை நிருவாகம் அன்பினால் தந்ததன்று. மாலையில் பந்தடிப்பவன் கொடி பிடித்துக் கூலி உயர்வு கேட்கமாட்டான் என்னும் கணக்கும் அதில் உண்டு. அதே நிருவாகம் கள்ளுக்கடையையும் நடத்தியது. என்றாலும் திடல் இருந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. மாலைப் பொழுது பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்தது.

அக்காலம் ஈன்ற பெயர்கள் சில. 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அதே போட்டியில் ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். அவ்வாண்டு தொடங்கப்பெற்ற நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகளை இவ்விருவருமே பெற்றனர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெகதீசன் பதித்த தேசிய சாதனை 2017 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, அசையாமல் நின்றது. 1971இல் பஞ்ச் குணாளன், இங் பூன் பீயுடன் இணைந்து அகில இங்கிலாந்துப் பூப்பந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மு. சந்திரன். இவர்கள் எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள் அல்லர். ஆனால் பள்ளித் திடலும் தோட்டத் திடலும் இரயில்வேக் குடியிருப்புத் திடலும் நிறைந்திருந்த காலத்தில்தான் திறமையுள்ள ஒருவரை எவரேனும் ஒருவர் கண்டு கைதூக்கிவிட முடிந்தது. ஆயிரம் பேர் ஓடும் இடத்தில்தான் ஒருவர் முந்துவார்.

பின்னர் நிலம் கைமாறியது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆயிற்று. நோர்த் ஹம்மோக் செத்தியா ஆலம் ஆயிற்று. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆயிற்று. லயங்களில் இருந்தோர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்கு நிலங்களுக்கும் சிதறினர். வீடு பெற்றவர்க்கு வீடு கிடைத்தது; இழப்பீடு பெற்றவர்க்குச் சில ஆயிரம் வெள்ளி கிடைத்தது. திடலுக்கு எவரும் இழப்பீடு கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதும் தோன்றவில்லை. புதிய நகரங்களில் கூரை வேய்ந்த புட்சால் கூடங்கள் எழுந்துள்ளன. மணிக்கு இத்தனை வெள்ளி என்று வாடகை. காற்பந்துப் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. மாதக் கட்டணம், சீருடைக் கட்டணம், போட்டிக் கட்டணம். எட்டாம் மாடியில், தாயும் தந்தையும் இரு வேளை மாறிமாறித் தொழிற்சாலைக்குச் செல்லும் வீட்டில் வளரும் பிள்ளை, கைப்பேசியை விட்டு எழுந்து எங்கே போவான்? மின்தூக்கி வாசலுக்கா?

இக்கதையின் உச்சம் புக்கிட் ஜாலில். 1998 செப்டம்பரில் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டை நடத்தியபோது உலகமே வியந்த அந்தத் தேசிய அரங்கம், ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிய புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில் எழுந்தது. அப்போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்று, காமன்வெல்த் தடகளத்தில் நாட்டிற்கு முதல் தங்கத்தைத் தேடித்தந்தவர் கோ. சரவணன் என்னும் தமிழர். தமிழ் நாளிதழ்கள் பெருமிதத்தோடு கொண்டாடின. கொண்டாடியது தவறன்று. ஆனால் அதே தோட்டத்தில் எஞ்சியிருந்த 41 குடும்பங்கள், தாங்கள் பிறந்து உழைத்த மண்ணில் நான்கு ஏக்கர் நிலம் கேட்டு, வெளியேற்ற அறிவிக்கைகளை எதிர்த்து 2011ஆம் ஆண்டிலும் போராடிக்கொண்டிருந்தன. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கத்துக்கு இடமிருந்த தோட்டத்தில், அத்தோட்டத்து மக்களின் வீட்டுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தியும் சமூகப் பக்கத்தில் மற்றொரு செய்தியும் அச்சாயின. இரண்டும் ஒரே நிலத்தின் கதை என்று இணைத்துக் காட்டும் எழுத்துத்தான் அரிதாயிற்று.

தமிழ்ப்பள்ளிகளின் நிலையை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1957இல் 888ஆக இருந்த பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. தோட்டத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்த பள்ளிகள் பலவற்றுக்குக் கட்டடம் கிடைத்தது. கட்டடத்துக்கு வெளியே வாகன நிறுத்துமிடம் கிடைத்தது. ஆண்டு விளையாட்டுப் போட்டியை அண்டைப் பள்ளித் திடலிலோ நகராண்மைத் திடலிலோ இரவல் வாங்கி நடத்தும் பள்ளிகள் உண்டு. 2011இல் கல்வியமைச்சு 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கையை அறிவித்தது. நல்ல கொள்கை. திடலில்லாத பள்ளியில் அக்கொள்கை பாரங்களில் நிறைவேறும். சதுரங்கமும் கேரமும் தழைக்கும். சதுரங்கம் இழிவன்று. ஆனால் பத்து வயதுப் பிள்ளை புல்லில் ஓடாமலே ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றால், அங்கே நான்கு ஆண்டுகள் ஓடிப் பழகிய பிறருடன் ஒரே கோட்டில் நிறுத்தப்படுகிறான். பின்தங்குகிறான். "தமிழ்ப் பையன்களுக்கு முன்போல் வேகமில்லை" என்கிறார்கள்.

நாளிதழ்கள் செய்யக்கூடியது என்ன என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் பெயரை அச்சில் ஏற்றினார், அவ்வளவே. அந்தப் பெயர்கள் வளர்ந்து எழுத்தாளர்களாயின. மணிமன்றங்கள் ஊரெங்கும் எழுந்து தமிழ் இளைஞர் இயக்கமாயின. பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேட வேண்டியிருந்தபோது, 1950களின் நடுவில், 'தமிழ் எங்கள் உயிர்' என்று முழங்கி ஆளுக்கொரு வெள்ளி கேட்டார். தோட்டத் தொழிலாளி தன் வெள்ளியைத் தந்தார். எவருக்கும் பொன்னாடை போர்த்தப்படவில்லை.

அந்த மரபில் வந்த நாளிதழ்கள் இன்று விளையாட்டை எப்படி நடத்துகின்றன? அயல்நாட்டுச் செய்தி நிறுவனம் அனுப்பும் செய்தியும் வண்ணப்படமும் மேசைக்கே வந்துசேர்கின்றன; மொழிபெயர்த்தால் பக்கம் நிறைந்துவிடும். கிள்ளான் மாவட்டப் பள்ளிகளின் போட்டிக்கோ ஒரு செய்தியாளர் வெயிலில் சென்று நிற்க வேண்டும். ஆகவே இங்கிலாந்து லீகுக்கு இரண்டு பக்கமும் மாவட்டப் போட்டிக்கு ஆறு வரியும் கிடைக்கின்றன. ஆறு வரியில் நான்கு வரி, போட்டியைத் திறந்துவைத்த பிரமுகரின் பட்டங்களுக்குச் செலவாகும். ஓடிய பிள்ளையின் பெயர் இருப்பதில்லை; இருந்தால் தவறாக இருக்கும். வருவாய் குறைவு, ஆள் பற்றாக்குறை என்பர் ஆசிரியர் குழுவினர். அதில் உண்மை இல்லாமலில்லை. 1924இல் பிறந்த தமிழ் நேசனே 2019 தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆனால் லிவர்பூலின் செய்தியை வாசகன் முதல்நாள் இரவே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டான். அடுத்த நாள் மதியம் வரை காத்திருந்து அதையே தமிழில் படிக்க அவன் எதற்காகப் பணம் தர வேண்டும்? அண்டை வீட்டுப் பெண் நீளம் தாண்டியதில் இரண்டாம் இடம் பெற்ற செய்தி வேறெந்த மொழி இதழிலும் வராது. விற்கக்கூடிய ஒரே சரக்கைக் கடையில் வைக்காமல் விற்பனை இல்லை என்று அழுவதில் பொருளில்லை.

ஆறுமுகத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். நீண்ட கைகளுக்காகச் 'சிலந்தி மனிதர்' என்று நாடே அழைத்த இலக்குக் காவலர் ஆறுமுகம், 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற குழுவில் இருந்தவர். நாடு அப்போட்டியைப் புறக்கணித்ததால் அக்குழு மாஸ்கோவைக் காணவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். அந்தக் குழுவின் நினைவைத் தழுவி 2016இல் 'ஓலா போலா' என்னும் திரைப்படம் வந்தது. ஆறுமுகத்தை நினைவூட்டும் தமிழ் இலக்குக் காவலர் அதில் ஒரு முக்கியப் பாத்திரம். எடுத்தவர் சியூ கெங் குவான் என்னும் சீன இயக்குநர். சென்னை நடிகரின் பிறந்தநாளுக்குச் சிறப்பிதழ் போடும் இதழ்கள் ஆறுமுகத்தின் வாழ்க்கையைத் தொடராக எழுதியிருக்க வேண்டாமா?

இனி, காசோலை. கதவளவு அட்டையில் எண்ணும் எழுத்தும் பெரிதாக அச்சிட்டு, ஒரு முனையை நிறுவன இயக்குநரும் மறு முனையைச் சங்கத் தலைவரும் பிடித்திருக்க, நடுவில் பன்னிரண்டு பேர் பல் தெரிய நிற்கும் படம் வாரந்தோறும் வருகிறது. எந்த மூலையிலேனும் சீருடை அணிந்த பிள்ளை ஒன்று தென்பட்டால் வாசகர் பேறு பெற்றவர். ஐயாயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விடுதி மண்டபத்தில் நிகழ்ச்சி, தேநீர் விருந்து, மாலை, நினைவுச் சின்னம், பின்னணிப் பதாகை, மறுநாள் நன்றி விளம்பரம் ஆகியவற்றுக்கு ஆன செலவு அந்த ஐயாயிரத்துக்குக் குறைந்ததா என்று எவரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து அப்பணம் எத்தனை காலணியாக, எத்தனை பேருந்துப் பயணமாக மாறியது என்று எந்த இதழும் திரும்பிச் சென்று எழுதுவதில்லை. ஒருவர் டத்தோ பட்டம் பெற்றால் முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்கள் அணிவகுக்கும். அத்தகைய ஒரு பக்கத்தின் விலையில் ஒரு பள்ளிக்கு ஓராண்டு பந்து வாங்கலாம்.

நிறுவனங்களின் மொழியில் விளையாட்டு நிறையவே உண்டு. பணியாளர் கூட்டத்தில் 'குழு உணர்வு' என்பார்கள், 'இலக்கு' என்பார்கள், 'நாம் அனைவரும் ஒரே அணி' என்பார்கள். அந்த அணியின் எழுத்தர் ஒருவர் வாரம் இரு நாள் நான்கு மணிக்கு வேலையை விட்டுச் சென்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தயப் பயிற்சி தர அனுமதி கேட்டால் தெரியும் அவ்வுணர்வு. வங்கிகளும் அரசுத் துறைகளும் தத்தம் குழுக்களை வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. சிலாங்கூர் மேம்பாட்டுக் கழகத்தின் பிகேஎன்எஸ் குழு தேசிய லீகிலேயே ஆடியது. விளையாட்டாளனுக்கு வேலையும் மாலையில் ஓய்வும் கிடைத்தன. அட்டைக் காசோலையைவிட அந்த இரண்டு மணி நேரம் பெரிது.

ஒரே நிறுவனத்தின் தயவில் தொங்கும் விளையாட்டு என்னாகும் என்பதற்கு மிஃபா பாடம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் பெயரில் ஒரு குழு தேசிய லீகின் கீழ்ப்படியில் தொடங்கி, 2017இல் பிரீமியர் லீகில் இடம்பெற்றது. இந்திய இளைஞர்க்கு ஒரு வாசல் திறந்தது என்று பலர் மகிழ்ந்தனர், மகிழ்ச்சி நியாயமானதே. பின்னர் அது ஒரு வணிகக் குழுமத்தின் கைக்குச் சென்றது. பெயர் பெட்டாலிங் ஜெயா ரேஞ்சர்ஸ் ஆகி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று சூப்பர் லீகில் ஆடியது. அயல்நாட்டு ஆட்டக்காரரின்றி உள்நாட்டு இளைஞரையே நம்பி ஆடிய பருவமும் அதற்கு உண்டு. 2022 பருவத்தோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. பணம் போட்டவர்கள் பணத்தை நிறுத்தினார்கள். வாணிகத்தில் அது வழக்கம். அவர்களை மட்டும் ஏசுவது எளிது. சங்கத்தின் பெயர் நீங்கியபோது எத்தனை தமிழர் அதைக் கவனித்தனர்? வார இறுதியில் திடலுக்குச் சென்று நுழைவுச்சீட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

மலேசியச் செல்வர் வின்சென்ட் டான் 2010இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டி குழுவை வாங்கினார். 2012இல் அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். அவ்வூர் மக்கள் அரங்கில் முழங்கினர், ஊர்வலம் சென்றனர், விடாது எதிர்த்தனர். 2015 தொடக்கத்தில் நீலம் திரும்பியது. கோலாலம்பூர்ச் செல்வரின் பணத்தை அவர்கள் வேண்டாம் எனவில்லை. குழு தங்களுடையது என்பதை மட்டும் அவருக்கு உணர்த்தினர். ஒரு சட்டையின் நிறத்துக்கு அவ்வூர் எழுந்தது. இங்கே ஒரு பெயரே போயிற்று. திங்கட்கிழமைக் கடையில் அன்றும் லிவர்பூல்தான் பேசப்பட்டிருக்கும்.

"தமிழன் எவ்வளவு திறமை காட்டினாலும் தேர்வில் ஒதுக்கிவிடுகிறார்கள், பிறகென்ன திடல்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒதுக்கல் இல்லை என்று கூறுபவர் கண்ணை மூடிக்கொண்டவர். 2021இல் சுதிர்மான் கிண்ணப் போட்டியில் தோற்றதற்காகச் செ. கிஷோனா நிறத்தைச் சுட்டி இழிவுபடுத்தப்பட்டதை நாடே கண்டது. ஆயினும், ஒதுக்கப்படுவதற்கேனும் ஒருவர் தேர்வுத் திடலில் நிற்க வேண்டுமே! அந்த அநீதியை எதிர்த்துக் குரலெழுப்பும் தகுதி, பிள்ளையை மாவட்டம் வரை கொண்டுவந்து நிறுத்திய சமுதாயத்துக்கே உண்டு. சு. சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் காயமுற்று, மீண்டெழுந்து, 2023இல் ஹாங்சோவில் சுவர்ப்பந்து ஒற்றையர் தங்கம் வென்றார்; மு. தீனா 2022 காமன்வெல்த் விளையாட்டில் பியர்லி டானுடன் பூப்பந்துத் தங்கம் வென்றார். வென்ற பின் பொன்னாடை போர்த்த வரிசை நீளுகிறது. பதின்மூன்று வயதில் இத்தகையோரை நாள்தோறும் பயிற்சிக்கு ஏற்றிச் சென்றவர் எவர்? பெரும்பாலும் தந்தை, அவருடைய பழைய வாகனம்.

ஜமைக்கா, கிள்ளான் பள்ளத்தாக்கைவிடச் சிறிய மக்கள்தொகை கொண்ட தீவு. 1910 முதல் அங்கே இடைநிலைப்பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டி நடந்துவருகிறது. அந்நாட்களில் தேசிய அரங்கம் நிரம்பி வழிகிறது. இதழ்கள் பள்ளிப் பிள்ளைகளின் நேரக் கணக்கைப் பெயரோடு அச்சிடுகின்றன. நிறுவனங்கள் புரவலராக முந்துகின்றன. உசைன் போல்ட் அப்போட்டியில் ஓடி வளர்ந்தவர். அங்கே கடையில் அமர்ந்து பேசுபவர்க்குத் தம் ஊர்ப் பள்ளியின் 400 மீட்டர் ஓட்டக்காரர் யார் என்று தெரியும்.

ஆசிரியர்களும் இவ்வழக்கில் சாட்சிகள் மட்டும் அல்லர். போட்டி முடிந்த மாலையே முடிவுகளைப் பெயர் பிழையின்றித் தட்டெழுதி நாளிதழுக்கு அனுப்பும் பள்ளிகள் எத்தனை? "போட்டாலும் போடமாட்டார்கள்" என்று அனுப்பாமலே விட்டுவிடுவது இதழுக்குச் சாக்கு வழங்குவதாகும். பத்துப் பள்ளிகள் பத்து வாரம் தொடர்ந்து அனுப்பட்டும். அதன்பின் அச்சேறாவிட்டால் இதழின் வாசலில் நின்று கேட்கலாம். தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையை முதலில் பிடுங்குவது எவர் என்பதும் ஆசிரியர் அறையில் பேசப்பட வேண்டிய செய்தி.

நாளிதழ்களிடம் கேட்க வேண்டியது பெரிதன்று. வாரம் ஒரு பக்கம், பள்ளிப் போட்டிகளுக்கு, பிரமுகர் படமின்றி. காசோலைப் படத்தை அச்சிடுமுன் மூன்று கேள்விகள்: பணம் எந்தப் பள்ளிக்கு, எந்தப் பயிற்றுநருக்கு, எத்தனை ஆண்டுக்கு. ஓராண்டு கழித்து அதே செய்தியாளர் அதே பள்ளிக்குச் சென்று கணக்குக் கேட்க வேண்டும். நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது: மாவட்டப் போட்டி நாளில் ஒரு பேருந்து, வாரத்தில் இரண்டு மாலை ஒரு பணியாளர், திடலில்லாத பள்ளிக்கு ஆண்டு முழுவதும் நகராண்மைத் திடலின் வாடகை. தோட்ட நிலத்தில் நகரம் கட்டும் மேம்பாட்டாளர்களிடம் கேட்க வேண்டியது, வரைபடத்தில் தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கிய இடத்தில் திடலும் குறிக்கப்பட்டுள்ளதா என்பது. அதை வரைபடம் ஒப்புதல் பெறுமுன் கேட்க வேண்டும். சிலாங்கூரில் இன்னும் துண்டாடப்படாத தோட்டங்கள் சில எஞ்சியுள்ளன.